எங்கள் வீட்டில் எலி கிடையாது

அன்று சந்தை நாள். மாமனார் திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். மத்தியானம் நான் உள்ளறையில் தொம்பையோரம் கூட்டிக்கொண்டிருந்தேன். குனிந்து நிமிர்ந்ததில் லேசாகத் தலை சுற்றியது. பிடிமானத்துக்குத் தொம்பையின் மேல் தோளைச் சாய்த்தேன். தொம்பை நகர்ந்தது.

தொம்பை என்றால் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. மூங்கில் பிளாச்சை ஆள் உயரத்துக்கு உருண்டையாகப் பின்னி, உள்ளும் புறமும் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசிய தானியக் கூடு அது. எங்கள் தொம்பையில் பத்து மூட்டை விதைக்கடலை, தொலி உரிக்காத நிலக்கடலை, இருந்தது. தை மாதம் நிரப்பி மூடிய பிறகு நாலு ஆம்பிளைகள் முட்டுக் கொடுத்துத் தள்ளினாலும் அது அசையாது.

நானோ அப்போது காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. என் தோள் பட்டு அது இரண்டு விரற்கடை நகர்கிறது என்றால் உள்ளே இருப்பது கடலை அல்ல.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். மூன்று மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருந்தேன். அந்த வீட்டில் ஒருத்தர் காதிலாவது விழுந்ததா?

போன வாரம் மாமனாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, தாத்தாவை அப்பாரு என்றே கூப்பிடுகிற என் மகன், "அப்பாருவை ஒரேயடியாகத் தூக்கி வைத்து எழுதிவிட்டாயே அம்மா" என்றான். சரி, இந்த வாரம் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன்.

முதல் பிடி

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். எதை எடுத்தாலும் தட்டுப்பாடு. விதைக்கடலை என்று கடைவீதியில் கேட்டால் சிரிப்பார்கள். வீட்டில் விதை வைத்திருப்பவன் விதைப்பான், இல்லாதவன் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பான். எங்களுடையது திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற சாலையை ஒட்டிய மானாவாரிக் காடு. ஆடியில் கடலை போட்டால்தான் தையில் கஞ்சி.

அதற்கு மேல் மாமனாருக்கு ஒரு பெயர் இருந்தது. அவர் கைராசிக்காரர். ஆடிப் பதினெட்டு அன்று தொம்பையின் மூடியைத் திறந்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஊரிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிடி விதை கொடுப்பார். துண்டின் முனையை விரித்து வாங்கிப் போவார்கள். அந்த ஒரு பிடியைத் தங்கள் விதையோடு கலந்துதான் விதைப்பார்கள். அவர் கை பட்டால் காய் திரளும் என்று சுற்று வட்டாரத்தில் நம்பிக்கை.

ஆகவே தையில் நல்ல நாள் பார்த்து மண் பூசி மூடிய தொம்பையை ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் ராசி போய்விடும். இதுதான் அந்த வீட்டுச் சட்டம். எலிகளுக்கு இதைவிடத் தோதான சட்டத்தை எலிகளே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் எழுதியிருக்க முடியாது.

பேர் சொல்லாதது

பங்குனியில் ஒரு நாள் கூட்டும்போது புழுக்கை கிடந்தது. சுண்டெலிப் புழுக்கை சீரகம் போலச் சிறிதாக இருக்கும். இது வேப்பங்கொட்டை அளவுக்கு இருந்தது. விளக்குமாற்றுக் குச்சியால் அழுத்திப் பார்த்தேன். பழசு என்றால் பொடிந்துவிடும். இது மெதுமெதுவென்று பளபளப்பாக இருந்தது. அன்றைக்குப் போட்டது.

"ஏனுங் மாமா, தொம்பையோரம் எலிப் புழுக்கை கெடக்குதுங்க" என்றேன்.

மாமனார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "மூஞ்சூறா இருக்கும் அம்மிணி. அது பிள்ளையாரோடது. என்ற ஊட்டுல எலி கெடையாது" என்றார்.

"மூஞ்சூறு கடலை திங்காதுங்க. பூச்சி, பல்லியத்தான் திங்கும்."

"உன்கிட்ட வந்து சொல்லுச்சாக்கும்."

மாமியார் உள்ளேயிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "பேரைச் சொல்லாத சாமி. அதுக்குக் காது கேக்கும். கேட்டா வந்துரும்" என்றார் கிசுகிசுப்பாக.

"வந்துருச்சுங்க அத்தை. அதனாலதான் சொல்றேன்."

அவருக்கு அது புரியவில்லை. விதை வைத்த அறைக்குள் எலி புகுந்தால் லட்சுமி வெளியே போய்விட்டாள் என்று அர்த்தமாம். எலி இருக்கிறது என்று சொன்னால் லட்சுமி இல்லை என்று சொன்ன மாதிரி. அதனால் எலி இருந்தாலும் இல்லை. இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை.

சாம்பல்

நான் விடுகிற ஆள் இல்லை. தொம்பைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற அளவுதான் இடைவெளி. சுவரோடு ஒட்டி வைப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். அந்த இடுக்கில் தினமும் ஒரு சிறங்கை புதுமண் விழுந்து கிடந்தது. கூட்டி அள்ளினால் மறுநாள் மறுபடியும் கிடக்கும். மண்ணோடு நிலக்கடலைப் பருப்பின் மேலிருக்கும் மெல்லிய சிவப்புத் தோலும் கிடந்தது.

"அது தையில நெரப்பறப்ப விழுந்தது" என்றார் மாமனார்.

சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்தில் எண்ணெய்க் கையால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு ஓடியது. எலி எப்போதும் சுவரை உரசிக்கொண்டே, போன தடத்திலேயே போகும். உடம்பு அழுக்கு சுவரில் ஏறிவிடும். அதைக் காட்டினேன்.

"வெளக்குப் பொகை" என்றார். ஒரு சாண் உயரத்தில் யார் விளக்கு வைப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடைசியில் அடுப்புச் சாம்பலைச் சலித்து இடுக்கிலும் வாசற்படியோரமும் தூவி வைத்தேன். காலையில் பார்த்தால் கோலம் போட்ட மாதிரி குட்டிக் குட்டிக் கால் தடம். நடுவே வால் இழுத்த கோடு. மாமனாரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து காட்டினேன். குனிந்து நிதானமாகப் பார்த்தார். இந்தத் தடவை தப்ப முடியாது என்று நினைத்தேன்.

"ஓணான்" என்றார்.

எங்கள் வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். அவர் நல்ல மனுஷர்தான். நான் பேசும்போது என் பக்கம் தலையாட்டுவார், அவர் அப்பா பேசும்போது அந்தப் பக்கம் தலையாட்டுவார். "தொம்பையச் சித்தெ நகத்தி வெச்சுப் பாக்கலாமுங்களா" என்று கேட்டதற்கு, "பாக்கலாம், அப்பா சொன்னா" என்றார்.

பூனையும் பொறியும்

பூனை வளர்க்கலாமே என்று கேட்பீர்கள். வளர்த்தோம். மேற்கால வீட்டிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை தானாக வந்து சேர்ந்தது. காலையும் மாலையும் எருமைப்பால் குடித்துவிட்டுத் தொம்பையின் மூடி மேல் ஏறிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். வெயிலுக்கு அந்த மண்பூச்சு குளிர்ச்சியாக இருந்திருக்கும்.

"பாத்தியா அம்மிணி, எப்பிடிக் காவல் காக்குதுன்னு" என்பார் மாமனார் பெருமையாக. பூனை மேலே தூங்கியது. எலி கீழே தின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு தகராறும் இல்லை.

பொறி வைக்கவும் போராட வேண்டியிருந்தது. சுட்ட கருவாட்டுத் துண்டு வைத்தால் எப்பேர்ப்பட்ட எலியும் வந்து மாட்டும். ஆனால் விதை இருக்கிற அறையில் கவுச்சி ஆகாது என்று மாமனார் சொல்லிவிட்டார். தேங்காய்ச் சில்லு வைத்தோம். பத்து மூட்டைக் கடலைக்கு நடுவில் குடித்தனம் நடத்துகிற எலி எதற்காக ஒரு தேங்காய்ச் சில்லுக்கு வெளியே வர வேண்டும்? ஒரு மாதம் அந்தச் சில்லு காய்ந்து சுருங்கிக் கிடந்தது.

பாஷாணம் வைக்கலாம் என்றால் கோழி தின்று செத்துவிடும் என்று மாமியார் பதறினார். அதில் அவர் சொன்னது நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் நடுவில் மாமனார் தினமும் குளித்துவிட்டு வந்து, நெற்றியில் திருநீறோடு, தொம்பையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். காது கொடுத்துக் கேட்பார். "நெறஞ்சு கெடக்குது" என்பார். அந்தச் சத்தம் எனக்கும் நிறைந்த சத்தமாகத்தான் கேட்டது. அதுதான் என்னையே குழப்பியது. நாம்தான் வீணாகக் கத்துகிறோமோ என்று சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

மறுபடியும் அந்த மத்தியானம்

தொம்பை நகர்ந்ததா? உடனே மாமியாரைக் கூப்பிட்டேன். "அத்தை, சித்தெ இங்க வாங்க. இதத் தள்ளிப் பாருங்க."

அவர் தயங்கித் தயங்கி ஒற்றைக் கையை வைத்து அழுத்தினார். தொம்பை விருந்தாளிக்கு வழி விடுகிற மாதிரி ஒதுங்கியது. மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பேரைச் சொல்லிப்போட்டியா?" என்றார் என்னிடம்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து தொம்பையைச் சுவரை விட்டு ஒரு முழம் நகர்த்தினோம். பின்பக்கம் தரையோரம் இரண்டு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. சுவரிலும் அதற்கு நேராக ஒரு வளை, அந்தப் பக்கம் மாட்டுத்தொழுவத்துக்குப் போகிறது. சுவரை ஒட்டி வைத்ததால் இத்தனை நாளும் யார் கண்ணிலும் படவில்லை.

அப்போது மாமனார் சந்தையிலிருந்து திரும்பிவிட்டார். வாசலில் செருப்பை விடுகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார், தொம்பையைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? விரலை மடக்கித் தொம்பையை இரண்டு தட்டுத் தட்டினார்.

நிறைந்த சத்தம்தான் வந்தது.

"ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருக்குது. அதுக்கு முன்னால தொறக்கப்படாது" என்றார்.

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவரிடம் சுருக்கென்று ஒரு வார்த்தை பேசியவள் இல்லை நான். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"எலி தொறந்து மூணு மாசமாச்சுங்க மாமா. நாமதான் நல்ல நாள் பாத்துட்டு உக்காந்திருக்கறோம்" என்றேன்.

அவர் சுவரில் செருகியிருந்த அரிவாளை எடுத்து, தொம்பையின் வயிற்றில் ஒரே இழுப்பாக இழுத்தார். மண்பூச்சு உடைந்து தொலி கொட்டியது. வெறும் தொலி. ஒவ்வொரு கடலையிலும் ஓரமாக ஓர் ஓட்டை போட்டுப் பருப்பை மட்டும் தின்றுவிட்டுத் தொலியை அப்படியே விட்டு வைத்திருந்தன. அதனால்தான் தட்டும்போதெல்லாம் நிறைந்த சத்தம் வந்தது. மூத்திர நாற்றம் அறையை அடைத்தது. தொலிக்கு நடுவே ஒரு கூடு. மாசியில் காணாமல் போன மாமனாரின் பட்டுக்கரைத் துண்டு அதில் நார் நாராகக் கிடந்தது. அந்தத் துண்டைத் தொலைத்ததாக எங்கள் வீட்டுக்காரர் எத்தனை ஏச்சு வாங்கினார்.

மேலே ஒரு மூட்டை அளவுக்குத்தான் கடலை மிச்சம். அதிலும் பாதி விதைக்கு ஆகாது.

மாமனார் அந்தத் தொலிக் குவியலின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு கடலையை எடுத்து ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். எனக்கு அதுவரை இருந்த ஆத்திரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த மனுஷரின் பிடரியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்று வாரத்தில் ஊரே துண்டை விரித்துக்கொண்டு வந்து நிற்கும்.

சங்ககிரிக்கு வண்டி

என் பிறந்த வீடு சங்ககிரிப் பக்கம். என் கல்யாணத்தில் யாரோ அவசரத்தில் முதல் தாம்பூலத்தை மாமனாருக்குக் கொடுக்காமல் வேறொருவருக்கு நீட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் என் அப்பா வீட்டு வாசலை மிதித்ததில்லை. தலைப்பிரசவத்துக்கு என்னைக் கொண்டுபோய் விட்டபோதுகூட ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனவர்.

மறுநாள் விடியற்காலை அவரே மாட்டைப் பூட்டினார். "ஏறு அம்மிணி" என்றார் என்னிடம்.

வாசலில் வண்டி நின்றதும் என் அப்பா ஓடிவந்தார். உள்ளே போய்த் தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, நின்றபடியே மாமனாரிடம் நீட்டினார். மாமனார் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

"சம்பந்தி, வெதை வேணுமுங்க" என்றார். இத்தனை வருஷம் கொடுத்தே பழகிய வாயில் அந்த வார்த்தை எப்படி வந்ததோ.

"எலிங்களா?" என்று கேட்டார் என் அப்பா.

"ஆமாங்க."

"எனக்கு மூணு வருசத்துக்கு முன்னால போச்சுங்க. ஆருக்கும் சொல்லலீங்க. புள்ளைக்குக்கூடத் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற பெண்ணிடம் மறைக்கிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? தெரிந்திருந்தால் அதையே மாமனாரிடம் சாட்சியாகச் சொல்லியிருப்பேனே.

அப்பா எங்களை உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, வழவழப்பான கல்தூண் நாலின் மேல் பலகை போட்டு, அதன் மேல் விதை இருந்தது. அறையில் வேறு சாமான் எதுவும் இல்லை, எலி ஒளிய இடம் இல்லை. சுவரிலிருந்த வளைகளைக் கண்ணாடிச் சில்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்திருந்தார். கொஞ்சம் பொறுக்கு விதை சீமெண்ணெய் டின்னில் உத்தரத்திலிருந்து தொங்கியது. கயிற்றின் நடுவே ஒரு கொட்டாங்குச்சியைக் குடை போலக் கவிழ்த்துக் கோத்திருந்தார். கயிறு வழியாக இறங்குகிற எலி அதில் வழுக்கிக் கீழே விழும். மாமனார் அந்தக் கொட்டாங்குச்சியை வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலு மூட்டையோடு திரும்பினோம்.

பதினெட்டாம் நாள்

அடுத்த மூன்று வாரம் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. மாமனாரே சுண்ணாம்பு குழைத்தார். கூரை மேல் சாய்ந்திருந்த முருங்கைக் கிளையை வெட்டினார், அதுதான் எலிக்குப் பாலமாம். ராத்திரிச் சோற்றுப் பானையை மூடாமல் வைத்தால் மாமியாரைக் கடிந்துகொண்டார். இவ்வளவையும் பங்குனியிலேயே செய்திருக்கலாம் என்று சொல்ல நாக்குத் துறுதுறுத்தது. சொல்லவில்லை. பூனையை மட்டும் தொழுவத்துக்கு மாற்றினோம்.

ஆடிப் பதினெட்டு வந்தது. காலையிலேயே வாசலில் கூட்டம். தேங்காய் உடைத்தாயிற்று. தொம்பைக்குப் பதிலாக வாசற்படிக்கு உள்பக்கம் மூட்டைகள் இருந்ததைப் பார்த்தும் யாரும் ஏனென்று கேட்கவில்லை. எனக்கு இன்னொன்றும் வித்தியாசமாகப் பட்டது. என்னவென்று உடனே பிடிபடவில்லை.

மாமனார் முதல் பிடியை அள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"ஒரு சங்கதி சொல்லிப்போடறனுங்க. இது என்ற வெதை இல்லீங்க. சங்ககிரிச் சம்பந்தி ஊட்டு வெதை. என்றத எலி தின்னுபோச்சு. மூணு மாசமா மருமவ சொன்னா. நாந்தான் கேக்கல. இதுக்கு என்ற கைராசி செல்லுமான்னு தெரியல. வேணுங்கறவங்க வாங்கிக்கலாமுங்க."

மாமியார் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஊர் முன்னால் அந்தப் பேரைச் சொல்லிவிட்டார் அல்லவா. பிறகு பூனைக்குச் சொந்தக்காரரான மேற்கால வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"எங்கூட்லயும் அதேதானுங்க" என்றார். "ஆனியில பாத்தேன். வெளிய சொல்லலீங்க."

"எங்குளுது பாதிக்கு மேல போச்சுங்க" என்றார் இன்னொருவர்.

"எங்களுக்குக் கம்பும் சேந்து போச்சுங்க."

வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஊரில் ஒரு தொம்பை பாக்கியில்லை. அத்தனை வீட்டிலும் மூஞ்சூறு, அத்தனை வீட்டிலும் ஓணான், அத்தனை வீட்டிலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சித்திரையில் ஒரே ஒருத்தர் வாயைத் திறந்திருந்தாலும் ஊரே சேர்ந்து வளையை வெட்டி எலியை ஒழித்திருக்கலாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, காலையிலிருந்து வித்தியாசமாகப் பட்டது எது என்று. வழக்கமாகத் துண்டின் முனையை விரிப்பவர்கள் அன்றைக்கு யாரும் துண்டை விரிக்கவில்லை. எல்லார் கையிலும் கூடை இருந்தது. ஒரு பிடி விதை வாங்க வந்த இரண்டு பேர் சாக்கே கொண்டுவந்திருந்தார்கள்.

மாமனார் அந்தக் கூடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தனக்குப் பின்னால் இருந்த நாலு மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, நாளைக்கு மறுக்கா சங்ககிரிக்குப் போகோணும்" என்றார். "ஒரு வண்டி பத்தாது."